காலி, பார்த்தேன்

துப்பாக்கி சுடுகிற இடத்தில் ஞானமாவது ஒண்ணாவது என்று சிரிக்காதீர்கள். அது கிடைத்த இடத்தைத்தான் சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

தெற்குச் சீமையில் ஒரு மொட்டைப் பாறை மலை. அதன் அடிவாரத்தில் ஆயுதப்படைக்காரர்கள் சுட்டுப் பழகுகிற தளம். இந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் நீள மேஜை, மேஜைமேல் மணல் மூட்டைகள். அந்தப் பக்கம் மலையை ஒட்டிப் பெரிய மண்மேடு, அதன் முன்னால் வரிசையாக ஆள் உயர அட்டைகள். நடுவே வெட்டவெளி. யாரும் சுடாத நேரத்தில் மயில்கள் வந்து மேய்ந்துவிட்டுப் போகும்.

அந்தத் தளத்தின் போதகர் இன்ஸ்பெக்டர் காந்திமதி. "பேரு காந்தி, பிழைப்பு துப்பாக்கி" என்று படையே கேலி பேசும். அது அந்த அம்மா காதிலும் விழும். சிரிக்கவும் மாட்டார், முறைக்கவும் மாட்டார். வாயைத் திறப்பதே அபூர்வம்.

அவரிடம் ஒரே ஒரு கண்டிப்பு. சுட்டு முடித்தவர், துப்பாக்கிக்குள் தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு "காலி" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பக்கத்தில் நிற்பவர் தானும் உள்ளே பார்த்துவிட்டு "பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். இரண்டு சொல்லும் விழுந்தால்தான் கோட்டைத் தாண்டி அட்டையைப் பார்க்கப் போகலாம். "காலி" மட்டும் சொல்லிவிட்டுக் காலை எடுத்து வைத்தால், அன்றைக்கு அந்த ஆளுக்குத் துப்பாக்கி கிடையாது. பழகாத கைகள் என்றால் காந்திமதியே மேஜைக்கு வந்து, மூன்றாவது ஆளாக ஒருமுறை எடுத்துப் பார்ப்பார்.

"சுட்டது நான். எனக்குத் தெரியாதாம்மா உள்ள இருக்கா இல்லையான்னு?" என்று ஒருத்தன் ஒருமுறை கேட்டுவிட்டான்.

"தெரியும்னு நினைச்சுக்குவ" என்றார் காந்திமதி. அவ்வளவுதான் விளக்கம்.

இந்த அம்மாவுக்குச் சீடர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், அது ஏட்டு ஆவுடையப்பன். சீடர் என்றதும் தாடியையும் காவியையும் நினைக்க வேண்டாம். காக்கி, கொஞ்சம் தொந்தி, முறுக்கு மீசை. போதகரைவிட வயதில் மூத்தவர். பெரிய மனிதர்களுக்குப் பாதுகாப்பாகப் போய் வந்த காலத்திலிருந்து இடுப்பில் ஒரு ரிவால்வர். "அதுக்கும் உங்களுக்கும்தான் முதல்ல தாலி கட்டியிருக்கு, நான் ரெண்டாந்தாரம்" என்பாள் அவர் மனைவி உலகம்மாள்.

ஆவுடையப்பன் சுட்டால் ஆறு குண்டும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கும். அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவருக்குக் கொஞ்சம்கூடக் கிடையாது.

தளத்துக்குத் துணைப் போதகர் ஒருவரைப் போடப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. ஆவுடையப்பனைத் தவிர வேறு யார் என்று எல்லாரும் சொன்னார்கள். அவரும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, "லோட்! நிறுத்து!" என்று போதகர் குரலில் கத்திப் பார்த்துக்கொண்டார். அடுத்த வீட்டுக்காரர்கள் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் புதுப் பிஸ்டல்கள் வந்தன.

கொட்டகையில் எல்லாரும் கூடி நின்றார்கள். காந்திமதி பெட்டியைத் திறந்து ஒன்றைக் கையில் எடுத்தார். கூட்டம் மொத்தமும் ஆவுடையப்பனைத் திரும்பிப் பார்த்தது. அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வைத்தார்.

"பெனிட்டா, வா" என்றார் காந்திமதி.

வைத்த அடியைப் பின்னால் இழுக்க முடியுமா? குனிந்து ஷூ லேசைச் சரி செய்வதுபோல் நடித்தார் ஆவுடையப்பன். லேஸ் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தது.

பெனிட்டா குளச்சல்காரி. இரண்டு குழந்தைக்குத் தாய். படைக்கு வந்து சில வருஷம்தான் ஆகிறது. கைத்துப்பாக்கி எதையும் அதுவரை தொட்டதில்லை. வாங்கியதும் எந்த விரலை எங்கே வைப்பது என்று ஒரு நொடி தேடினாள். அதைப் பார்த்த ஒரே ஆள் ஆவுடையப்பன்.

அன்றைக்கு ஆரம்பித்தது அவருக்கு வயிற்றெரிச்சல். நெஞ்சில் ஒரு கரண்டி நெருப்பை அள்ளி வைத்த மாதிரி இருந்தது. டீக்கடையில் நின்றால் அதே பேச்சு. "பொம்பளைக்குப் பொம்பளை விட்டுக்கொடுப்பாளா? அதான் சங்கதி" என்றார். கேட்டவர்கள் டீயை ஊதிக் குடித்துவிட்டு நகர்ந்தார்கள். அதற்கும் பெனிட்டாமேல்தான் கோபம் வந்தது.

வீட்டிலும் அதே கதை.

"அவளுக்கு நிக்கவே தெரியல. கால அகட்டி நிக்கா, கொக்கு மாதிரி" என்றார் சோற்றைப் பிசைந்துகொண்டே.

"ம்" என்றாள் உலகம்மாள்.

"பெனிட்டாவாம் பெனிட்டா. ஒரு ரிவால்வரத் தொட்டுப் பார்த்திருப்பாளா?"

"ஏங்க, அந்தப் பிள்ளை பேரைச் சொல்லாம உங்களுக்கு ஒரு வாய் சோறு இறங்க மாட்டேங்கு. ஆளு யாருன்னு எனக்கும் ஒருநாள் காட்டுங்க."

"ஏளா, நான் என்ன அவளப் பத்தி நல்லதாவா பேசுதேன்?"

"கெட்டதாத்தான் பேசுதீய. ஆனா எந்நேரமும் பேசுதீய" என்று சொல்லிவிட்டு ரசச்சட்டியை எடுக்கப் போனாள் அவள்.

மறுநாள் காலை ஆவுடையப்பன் நேரே கொட்டகைக்குப் போனார். காந்திமதி தனியாக உட்கார்ந்து, ஒரு ரிவால்வரை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு கேள்வி."

"கேளுங்க ஏட்டு."

"ரிவால்வரா, பிஸ்டலா? எது உசத்தி?"

காந்திமதி நிமிர்ந்து அவர் முகத்தை ஒருமுறை பார்த்தார். துடைத்த ரிவால்வரை மேஜையில் வைத்தார். பக்கத்திலேயே ஒரு பிஸ்டலையும் எடுத்து வைத்தார். இரண்டின் வாயும் மண்மேட்டைப் பார்த்தபடி இருந்தன.

"நீங்களே சொல்லுங்க" என்றார்.

ஆவுடையப்பனுக்கு அது போதாதா? ரிவால்வரை எடுத்துப் பக்கவாட்டில் தள்ளினார். சிலிண்டர் வெளியே வந்து நின்றது.

"பாருங்கம்மா. ஆறு ஓட்டை. இருக்கா, இல்லையா, ஒரே பார்வையில தெரிஞ்சிரும். ஒளிச்சு வைக்க இடமே கிடையாது."

"ம்."

"ஒரு தோட்டா வெடிக்கலைன்னு வைங்க. பதற வேண்டாம். இன்னொரு தடவ டிரிகரை இழுத்தா அடுத்தது தானா வந்து நிக்கும்."

"ம்."

"டிரிகர் கனம்தான். கனமா இருக்கதும் நல்லதுக்குத்தான். தெரியாம விரல் பட்டுச் சுடாது. நினைச்சு இழுத்தாத்தான் சுடும்."

"பிஸ்டல்?"

ஆவுடையப்பன் முகம் வேப்பங்காயைக் கடித்த மாதிரி ஆயிற்று.

"அதுவா? மேல இருக்க ஸ்லைடை இழுத்து விட்டாத்தான் முதல் தோட்டா ஏறும். மணிக்கட்டு கொஞ்சம் தொய்ஞ்சாலும் சுட்ட தோட்டாவோட வெறுங்கூடு, அந்தக் கேஸ், வெளிய வராம இடுக்குல மாட்டிக்கிடும். தூசி ஆகாது, அழுக்கு ஆகாது, புது மாப்பிள்ளை மாதிரி கவனிக்கணும். இதெல்லாம்கூடப் போகட்டும்மா. கைப்பிடிக்குள்ள தோட்டா அடுக்கியிருக்க மேகசினைக் கழட்டிட்டா எல்லாம் போயிட்டுன்னு தோணும். போயிருக்காது. மேல சேம்பர்ல ஒண்ணு கமுக்கமா உக்காந்திருக்கும். ஸ்லைடை இழுத்துப் பார்த்தாத்தான் உண்டு. நம்ப முடியாத சாமான்."

"நீங்க எது மாதிரி, ஏட்டு?"

ஆவுடையப்பன் நெஞ்சில் தட்டிக்கொண்டார்.

"நான் ரிவால்வர்ம்மா. திறந்தா எல்லாம் தெரியும். உள்ள ஒண்ணை வச்சுக்கிட்டு வெளிய ஒண்ணு பேசத் தெரியாது."

"சரி. பிஸ்டல்ல நல்லது என்ன?"

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. தொண்டையைச் செருமினார்.

"அது... வேகம்தான். ஒரு மேகசினைத் தட்டிவிட்டு இன்னொண்ணைச் செருகினா முடிஞ்சுது. ரிவால்வர்ல ஒவ்வொண்ணாப் போட்டு முடிக்கதுக்குள்ள எதிராளி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்திருவான். தோட்டாவும் கூடப் பிடிக்கும். தட்டையா இருக்கும், சட்டைக்குள்ள தெரியாது."

கஷாயம் குடிக்கிற குழந்தை மாதிரி அவசர அவசரமாகச் சொல்லி முடித்தார்.

"ரிவால்வர்ல குறை?"

"பெருசா ஒண்ணும் இல்லம்மா."

காந்திமதி மறுபடியும் துணியைக் கையில் எடுத்தார். ஆவுடையப்பன் காத்து நின்றார்.

"கேள்விக்குப் பதில் சொல்லலியேம்மா."

"நாளையிலேர்ந்து பெனிட்டா பக்கத்துல நில்லுங்க. அவ 'காலி'ன்னா நீங்க பார்த்துச் சொல்லுங்க."

"இதுவா பதில்?"

"இது வேலை, ஏட்டு."

ஆவுடையப்பன் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தார். எண்ணெய்ச் சட்டிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதையாகிவிட்டது அவருக்கு. துணைப் போதகர் ஆக வேண்டிய மனுஷன், நேற்று வந்தவளுக்குச் சாட்சி சொல்ல நிற்க வேண்டுமாம்.

நின்றார். வேறு வழி?

பெனிட்டா அவருக்கு மரியாதை கொடுத்தாள். வந்ததும் வணக்கம் வைத்தாள். தன் பாட்டிலில் இருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. திமிராக நடந்துகொண்டிருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

முதலில் அவள் பிஸ்டல் அடிக்கடி மாட்டிக்கொண்டது. இரண்டு குண்டு போகும், மூன்றாவதில் நின்றுவிடும். சுட்ட கேஸ் இடுக்கில் சிக்கி முறைக்கும்.

"ஏட்டய்யா, ஏன் இப்படி மாட்டுது? என் கையில ஏதாவது தப்பு தெரியுதா?" என்று கேட்டாள்.

தெரிந்தது. கொட்டகைத் தூணுக்குக்கூடத் தெரிந்திருக்கும். சுடுகிற நேரத்தில் அவள் மணிக்கட்டு தொய்ந்தது. "மணிக்கட்ட இறுக்கு, பிள்ள" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"போகப் போகச் சரியாயிரும்" என்றார் ஆவுடையப்பன்.

அன்றைக்குச் சாப்பாடு அவருக்கு நன்றாக இறங்கியது. உலகம்மாளே ஆச்சரியப்பட்டாள்.

ஆனால் பெனிட்டா விடுகிற ஆள் இல்லை. தொய்கிறது மணிக்கட்டுதான் என்று தானாகவே கண்டுபிடித்தாள். அது இறுக, செங்கல்லை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொட்டகையின் ஓரத்தில் நிற்பாள். மாட்டுவது நின்றுபோனது. குண்டுகள் ஒன்றையொன்று தேடி வந்து சேர்ந்தன. அவள் அட்டையைப் பார்த்துவிட்டுப் படையில் சிலர் விசிலடித்தார்கள். அந்த விசில் சத்தம் ஆவுடையப்பன் காதைவிட்டு ராத்திரி வரை போகவில்லை.

"காலி" என்பாள் அவள், ஸ்லைடை இழுத்துப் பிடித்து உள்ளே காட்டியபடி.

"பார்த்தேன்" என்பார் இவர். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குள் அவருக்கு உயிர் போய் உயிர் வரும்.

ஒருநாள் தலைமையிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். காக்கி போடாத அதிகாரி. கோப்புகளிலேயே காலம் கழித்தவர். துணைப் போதகர் உத்தரவில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான். ஆவுடையப்பன், பெனிட்டா இரண்டு பேரும் சுடுவதைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று கொட்டகையில் மேஜைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார்.

முதலில் ஆவுடையப்பன். ஆறு குண்டு, ஆறும் அட்டையின் நெஞ்சில். சிலிண்டரைத் திறந்து தட்டினார். கேஸ்கள் கலகலவென்று விழுந்தன.

"காலி."

பெனிட்டா எட்டி ஆறு ஓட்டையையும் பார்த்தாள். "பார்த்தேன்" என்றாள். "அடேயப்பா, ஏட்டய்யா!" என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டாள்.

அடுத்து பெனிட்டா. ஒரு மேகசின் முடிந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் இன்னொன்று ஏறியது. படபடவென்று குண்டுகள் போய் ஒரே இடத்தில் விழுந்தன. அதிகாரிக்குத் தாங்கவில்லை. கையைத் தட்டிவிட்டார்.

"போதும்மா, போதும்! பிரமாதம்!"

பெரியவர் போதும் என்றால் நிறுத்தத்தானே வேண்டும். உள்ளே இன்னும் தோட்டா இருந்தது. பெனிட்டா மேகசினைக் கழற்றினாள். ஸ்லைடை இழுக்கக் கையைக் கொண்டுபோனாள்.

"எந்த ஊரும்மா நீ?" என்றார் அதிகாரி.

"குளச்சல், அய்யா."

திரும்பிப் பதில் சொன்னாள். கை பாதியில் நின்றது. பிஸ்டலை மேஜையில் வைத்தாள். பழக்கதோஷத்தில் சொல்லும் வந்துவிட்டது.

"காலி."

ஆவுடையப்பன் பார்த்தார். கடைசித் தோட்டாவும் போயிருந்தால் ஸ்லைடு பின்னால் திறந்தே நிற்கும். அது மூடியிருந்தது. இழுக்கவும் இல்லை. உள்ளே ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

"இழு, பிள்ள" என்று சொல்ல வாய் எடுத்தார்.

எடுத்த வாய் அப்படியே நின்றது. இப்போது காந்திமதி மேஜைக்கு வருவார். பிஸ்டலை எடுத்து இழுப்பார். அதிகாரி கண் முன்னால் தோட்டா துள்ளி விழும். யாருக்கும் ஒரு கீறல் படாது. அவள் முகம் மட்டும் செத்துப்போகும். மிச்சத்தை அதிகாரி பார்த்துக்கொள்வார்.

"பார்த்தேன்" என்றார் ஆவுடையப்பன்.

சொன்ன கையோடு சமாதானமும் வந்தது. பொய்யா சொன்னேன்? பார்த்தேன் என்றுதானே சொன்னேன். பார்க்கத்தானே செய்தேன்.

காந்திமதி மேஜைக்கு வரவில்லை.

"ஏட்டு சொல்லிட்டார்ல. வா, பெனிட்டா" என்று கோட்டைத் தாண்டிவிட்டார். பெனிட்டாவும் பின்னால் போனாள். இரண்டு பேரும் அட்டையைப் பார்த்து வெட்டவெளியில் நடந்தார்கள்.

ஆவுடையப்பன் "அம்மா" என்று கூப்பிட நினைத்தார். கூப்பிட்டு என்ன சொல்வது? அந்த யோசனையில் நின்றவர், பக்கத்தில் அதிகாரியின் கை நீண்டதைக் கவனிக்கவில்லை.

"இவ்வளவு லேசா இருக்கே!" என்றார் அதிகாரி. பிஸ்டலைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அட்டையைக் குறி பார்த்தார். விரல் டிரிகர்மேல் இருந்தது. அட்டைக்கும் பிஸ்டலுக்கும் நடுவில் இரண்டு காக்கி முதுகுகள்.

"அய்யா! காலி இல்ல!"

அலறியது தன் குரல்தான் என்று ஆவுடையப்பனுக்கே தெரியவில்லை. பாய்ந்து அதிகாரியின் மணிக்கட்டைப் பிடித்து, கையோடு சேர்த்து மணல் மூட்டையில் அமுக்கினார். விரலைப் பிரித்தார். பிஸ்டலை வாங்கி ஸ்லைடை இழுத்தார். தோட்டா துள்ளி மேஜையில் விழுந்து, உருண்டு தரைக்கு இறங்கி, அதிகாரியின் செருப்புப் பக்கத்தில் போய் நின்றது.

அதிகாரிக்குச் சட்டை நனைந்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகுதான் வாய் வந்தது.

"ஏட்டு, நீங்க மட்டும் இல்லேன்னா இன்னைக்கு..." என்று ஆவுடையப்பன் கையைப் பிடித்துக்கொண்டார். "இதுதான்யா கண்ணு. இப்படிப்பட்ட ஆள்தான் போதகரா இருக்கணும். இனிமே நான் யோசிக்கவே வேண்டியதில்லை. உங்க பேருக்குத்தான் உத்தரவு."

ஓடி வந்த பெனிட்டா கீழே கிடந்த தோட்டாவைப் பார்த்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"தப்பு என்னோடதுதான், அய்யா" என்றாள்.

"வேற யாரோடது?" என்று எரிந்து விழுந்தார் அதிகாரி.

காந்திமதி குனிந்து தோட்டாவை எடுத்து மேஜையில் நிறுத்தி வைத்தார். அதிகாரியை வண்டிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. ஆவுடையப்பன் கொட்டகைக்கு வெளியே புளியமரத்தடியில் போய் நின்றார். சந்தோஷம் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை.

பெனிட்டா அவரைத் தேடி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஏட்டய்யா."

"என்ன?"

"நான் காலின்னதை நம்பி நீங்களும் பார்த்தேன்னு சொல்லிட்டீங்க. அப்புறம் மனசு கேக்காம சந்தேகப்பட்டுத் திரும்பிப் பார்த்திருக்கீங்க. அந்தச் சந்தேகம்தான் அம்மா உயிரையும் என் உயிரையும் காப்பாத்திச்சு. என் பிள்ளைங்க ரெண்டும் உங்களுக்குக் கடமைப்பட்டதுங்க."

குனிந்து அவர் காலைத் தொட வந்தாள். ஆவுடையப்பன் தீயை மிதித்தவர் மாதிரி பின்னால் போனார்.

"போ பிள்ள. போய் வேலையப் பாரு."

அவள் போய்விட்டாள். வெயிலில் தனியாக, சிதறிக் கிடந்த கேஸ்களைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

ஆவுடையப்பன் கொட்டகைக்குள் வந்தார். காந்திமதி அந்தப் பிஸ்டலைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோட்டா மேஜைமேல் நின்றபடியே இருந்தது.

"அம்மா."

"சொல்லுங்க ஏட்டு."

மீசையைத் தடவினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"'பார்த்தேன்'னு சொன்னீங்க" என்றார் காந்திமதி.

"ஆமாம்மா."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேம்மா."

"என்ன பார்த்தீங்க?"

வெளியே கேஸ்கள் வாளியில் விழுகிற சத்தம் கேட்டது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"ஸ்லைடு மூடியிருந்ததைப் பார்த்தேன். உள்ள ஒண்ணு இருக்குன்னு பார்த்தேன்."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"நீங்க மேஜைக்கு வருவீங்கன்னு நினைச்சேன். இழுத்துப் பார்ப்பீங்கன்னு நினைச்சேன். அவ மானம் மட்டும்தான் போகும்னு நினைச்சேன். நீங்க வரல. ஏம்மா வரல?"

"நீங்க சொல்லிட்டீங்களே."

ஆவுடையப்பன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். போதகர் முன்னால் உட்காரக்கூடாது என்பதெல்லாம் மறந்துபோயிற்று. அந்த முறுக்கு மீசைக்கார மனுஷன் விம்மி விம்மி அழுதார்.

"பொறாமைம்மா. அவ கையில அதை நீங்க கொடுத்த நாள்லேர்ந்து வயிறு எரியுதும்மா. அவ மணிக்கட்டு தொய்யுதுன்னு தெரியும், சொல்லல. மாட்டிக்கிடும்போதெல்லாம் சந்தோஷப்பட்டேன். ரிவால்வர்னு உங்ககிட்ட நெஞ்சத் தட்டினேனே. பாவி, நான் ரிவால்வராம்மா?"

அழட்டும் என்று காந்திமதி விட்டுவிட்டார்.

அழுது ஓய்ந்து, தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார் ஆவுடையப்பன். எழுந்து நின்றார். மாசக்கணக்கில் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார்.

"அந்த இடம் எனக்கு வேண்டாம்மா. அதிகாரிகிட்ட நானே போன் போட்டுச் சொல்லுதேன். பெனிட்டாவுக்கே போடட்டும். எல்லாத்தையும் உங்ககிட்டக் கொட்டிட்டேன். இனிமே உள்ள ஒண்ணும் இல்ல. காலி."

காந்திமதி எழுந்து கொட்டகை ஓரத்துக்கு வந்தார்.

"பெனிட்டா! இங்க வா."

"அவளை எதுக்கும்மா?" என்று பதறினார் ஆவுடையப்பன். "அதான் உங்ககிட்டச் சொல்லிட்டேனே!"

வாளியைக் கீழே வைத்துவிட்டு, பெனிட்டா வெயிலில் நடந்து வந்துகொண்டிருந்தாள்.

"'காலி'ன்னு நீங்க சொல்லிட்டீங்க, ஏட்டு" என்றார் காந்திமதி. "'பார்த்தேன்'னு அவதான் சொல்லணும்."